வெற்று எடை

பத்தே காலுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
கோல கெட்டில் கடைவரிசை,
கோழிச்சோற்றுக் கடைக்கு மேல்மாடி.
கீழே கத்தி பலகையில் விழும் சத்தம்,
மேலே எனக்கு நாற்காலி.

காதில், மூக்கில், கழுத்தில் இருப்பது எல்லாம்
என்று கிண்ணத்தை நீட்டினாள் நோர்லைலா.
தோடு வந்தது. மூக்குத்தி அடம்பிடித்தது.
தாலிக்கொடிக்கு மட்டும் கை வரவில்லை.
கழுத்துக்குப் பட்டை கட்டணும், காக், என்றாள்.
கழற்றி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டேன்.

அப்புறம் கேட்டாள்,
வாயைத் திறக்கச் சொல்லும் அதே குரலில்:
மாதம் ஏதும் தள்ளியிருக்கா?

பத்தொன்பது வருடமாய்
எந்தப் படிவத்தில் இந்தக் கேள்வி வந்தாலும்
'இல்லை' கட்டத்துக்குப் பேனா தானாகப் போய்விடும்.
இன்று பதினொரு நாள்.
ஆலை நாட்காட்டியில் பென்சில் வட்டம்கூடப் போடவில்லை.
நாற்பத்து மூன்று வயதில்
நிற்கப்போகிறது என்றுதான் கணக்கில் எழுதியிருந்தேன்.

தெரியாது, என்றேன்.
பல்வலி ஒரு கணம் எங்கோ போய்விட்டு வந்தது.

அவள் பதறவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்தாள்.
வீங்கியிருக்கு, படம் இல்லாமல் கைவைக்க மாட்டாராம்.
கதிர் ரொம்பக் கொஞ்சம்தான், வாயோடு சரி.
வயிற்றுக்கு மேல் இதைப் போட்டுவிடுவோம்.
மனசில்லையென்றால் இன்னொரு நாள் வரலாம்.
போடு, என்றேன்.

ஈய அங்கி.
நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
வளைவில் திரும்பும்போதே டன் சொல்லிவிடுவேன்.
சங்கிலிமுத்து தார்ப்பாய்க்கு அடியில்
மணல்மூட்டை ஒளித்த அன்றும் தப்பவில்லை.
இது மூன்று கிலோ. கூடிப்போனால் முந்நூறு கிராம் மேலே.
மடியில் இறங்கியதும்
இரண்டு கையும் அடியில் போய்த் தாங்கிக்கொண்டன,
யாரும் சொல்லாமல்.

கிகிட், என்றாள். கடித்தேன்.
பிளாஸ்டிக் உறை போட்ட சின்னத் தகடு
அதன் ஓரம் நாக்கடியில் வெட்டியது.
குமட்டினால் மூக்கால் மூச்சு விடுங்கள்,
கால் கட்டைவிரலை ஆட்டுங்கள்.
ஆட்டினேன்.
குமட்டல் எதனால் என்று
இன்றைக்கு யார் சத்தியம் செய்வது?

எல்லாரும் வெளியே போய்விட்டார்கள்.
அசையாதீங்க, என்றது கதவுக்கு அப்பால் குரல்.
நானும் ஓட்டுநர்களிடம் இப்படித்தான் கத்துவேன்,
எண் நிற்கட்டும் என்று.
ஒரு 'பீப்'. அவ்வளவுதான்.
சூடில்லை, வெளிச்சமில்லை,
படியேறி வந்த இஞ்சி வாசம் மட்டும்.

திரையில் என் தாடை, மழைக்காலச் சாம்பல் நிறத்தில்.
இது சொத்தை, என்றார் டாக்டர் இயாவ்,
நரம்பைத் தொட்டுவிட்டது, வேர்வரை சுத்தம் பண்ணணும்.
பேனா பின்னால் நகர்ந்தது.
இது உங்களுக்குத் தெரியுமா?
ஈறுக்கு அடியில் ஒரு முழுப் பல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
பல வருஷமா இங்கேதான் இருக்கு.
தொந்தரவு தராதவரை விட்டுவிடுவோம்.

நோர்லைலா அங்கியைத் தூக்கினாள்.
கை இரண்டும் அங்கேயே இருந்தன.

கீழே மருந்துக்கடையில்
வலி மாத்திரையை நீட்டுமுன்
அந்தப் பெண்ணும் அதே கேள்வியைக் கேட்டாள்.
இந்தத் தடவை தெரியாது என்று சொல்ல
அவ்வளவு நேரமாகவில்லை.
மாத்திரையோடு இன்னொரு பெட்டியும் வாங்கினேன்,
பில்லைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

ஒரு மணிக்கு மேடையில் சங்கிலிமுத்து.
பல்லு புடுங்கியாச்சா, அக்கா?
படம் எடுத்தாங்க.
என்னா தெரிஞ்சுச்சு?
பல்லு, என்றேன்.
குலையைக் கொட்டிவிட்டு வந்து
மறுபடி ஏறி நின்றான்.
ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை.
இரண்டையும் நிறுக்காமல்
நான் எதையும் எழுதுவதில்லை.

எண் நிற்கட்டும், என்று கத்தினேன்.
கைக்குள் கொடி வேர்த்திருந்தது.